பதினோரு தப்பு

வியாசர்பாடி மேம்பாலம் இறங்கி
இடப்பக்கம் மூணாவது கட்டிடம்.
கீழே கோழிக்கடை, மேலே எங்கள் டி.வி. ஸ்டேஷன்.
ஸ்டேஷன் என்றால் பத்துக்குப் பன்னிரண்டு.
சுவரில் நீலத் துணி. அதில் ஆணி கிழித்த ஓட்டை இரண்டு,
செய்தி வாசிக்கும் பெண்ணின் தலைக்குப் பின்னால்
இன்னொரு ஜோடிக் கண் மாதிரி தெரியும்.

இருபது வருஷம் ஒயர் இழுத்தேன்,
மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு,
முருங்கைக்கும் கொடிக்கம்பிக்கும் யாரோ ஒருவரின் பாவாடைக்கும் மேலாக.
நாலாயிரம் வீடு.
செட் டாப் பாக்ஸ் வந்தது,
எங்களை எண்ணூத்திச் சொச்சம் நம்பருக்குத் தள்ளியது,
பக்தி சேனலுக்கும் பாத்திரம் விற்கும் சேனலுக்கும் நடுவில்.
ரிமோட்டில் மூணு தடவை அழுத்துமளவுக்கு
யாருக்கு எங்கள்மேல் அத்தனை பாசம்?

"ஒயரு இன்னாத்துக்குண்ணா, இத்தத் தொட்டா லைவு"
என்றாள் கேமரா பிடிக்கும் சுகிர்தா.
தொட்டாள்.
மைதானத்தில் ஃபுட்பால். சவுக்குக் கழியில் கட்டிய போன்.
முதல் நாள் பார்த்தது ஒன்பது பேர்.
அதில் ஒருத்தன் தோஹாவில், கிரேன் மேலே உட்கார்ந்தபடி.
கோல்கீப்பர் அவன் தம்பி.
தம்பி மூணு கோல் விட்டான்.

சனிக்கிழமை ஒரு சாவு.
துபாய் மகனுக்காக ஊர்வலத்தைப் போடச் சொன்னார்கள், போட்டோம்.
பேண்டு வாசித்தது ஏதோ கம்பெனிக்குச் சொந்தமான பாட்டாம்.
மெஷின் கண்டுபிடித்து
பாதித் தெருவில் சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டது.
அத்தனை பேரும் வாய் திறந்து அழுகிறார்கள், சத்தமில்லை.
பாடையில் இருந்தவருக்கு மட்டும்
வித்தியாசம் தெரிந்திருக்காது.

அப்புறம்தான் இந்தத் தானே எழுதும் எழுத்து.
பேசப் பேசத் திரைக்குக் கீழே தமிழ் ஓடும்,
யாருடைய தமிழோ.
தண்ணி லாரி
'கண்ணில் ஆறி' என்று ஓடியது.
இஸ்துகினு போனான் என்றால்
'இஸ்திரி கிணறு போனான்'.
கவுன்சிலர் டபாய்க்கிறார் என்றோம்,
'கவுன்சிலர் தபால் எடுக்கிறார்'.
பி.வி. காலனி ஒரே ராத்திரியில்
பி.வி. காலணி ஆனது.
சிரித்தோம். சிரித்துவிட்டு அப்படியே விட்டோம்.

செவ்வாய்க்கிழமை படியேறி வந்தார்
ஸ்டேஷன் ரோட்டுத் தையற்காரர் தேவநேசன்.
பிறந்ததிலிருந்தே காது கேட்காது.
அவர் கடையில் நாளெல்லாம் எங்கள் சேனல் ஓடும்;
கஸ்டமருக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

அளவு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி நீட்டினார்.
முன்பக்கம் தோள், மார்பு, கை உயரம்.
பின்பக்கம் நாங்கள்.
பதினோரு தப்பு, வரிசை நம்பர் போட்டு,
ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியான சொல்.
இருபது வருஷமாக
எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
எட்டாவதற்கு எதிரே எழுதியிருந்தது:
'தபால் எடுப்பவரைப் பற்றிப் பேசும்போது
அந்தப் பெண் இப்படிச் சிரிக்க மாட்டாள்.'
கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, நம்பர் இல்லாமல்:
'லாரி ஏழுக்கா பதினொன்றுக்கா?
நேற்று நான் குடத்தோடு நின்றேன்.'

சுகிர்தா அந்த நோட்டை மூடவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

இப்போது தினமும் ஆறு மணிக்கு, கடையைப் பாதி சாத்திவிட்டு,
கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்து உட்காருகிறார்.
செய்தியை ஏற்றுமுன் ஒவ்வொரு வரியாக நிறுத்துகிறார்,
உதட்டைப் பார்க்கிறார், எழுத்தைப் பார்க்கிறார்,
பேக்ஸ்பேஸை ஊசி குத்துவதுபோல் குத்துகிறார்.
டபாய்ப்பது டபாய்ப்பதாகவே ஓடுகிறது.
கவுன்சிலர் ஆள் அனுப்பிக் கேட்டார், யார் எழுதுவது என்று.
மெஷின் என்றேன்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.
கீழே கட்டையில் கோழி வெட்டும் சத்தத்துக்கு
மெஷின் 'கைத்தட்டல்' என்று போடுகிறது.
வாய் அசையாத இடம், அவரும் தொடுவதில்லை.
ஒரு நாள் அந்த வரி வந்தபோது
என் பக்கம் திரும்பி
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்,
ஜெயித்த டீம் காட்டுவதுபோல்.

நானும் தூக்கிக் காட்டினேன்.